ஃபோர்ட்ரான் தலையில ஜன்னலைக் கட்டாதீங்க

முன்குறிப்பு: ஃபோர்ட்ரான்னா என்னன்னே தெரியாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். மெக்கானிக்கல், சிவில், ஏரோ மக்கள் மட்டும் கொஞ்சம் உட்காருங்க. உங்களைத்தான் திட்டப் போறேன் :)

கடைசி வருஷ ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே ஒரு கூத்து நடக்கும். தகட்டுல வெப்பம் எப்படிப் பரவுது, குழாய்ல தண்ணி எப்படி ஓடுது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகுது, இப்படி ஏதாவது ஒண்ணைக் கணக்குப் போட ஒரு ஃபோர்ட்ரான் புரோகிராம் இருக்கும். சீனியர் கொடுத்தது. அவருக்கு அவரோட சீனியர் கொடுத்தது. ஒழுங்காத்தான் ஓடும், கறுப்புத் திரையில நம்பரா கொட்டும். ரிவ்யூல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் அதைப் பார்த்துட்டு "இதுக்கு ஜியூஐ இல்லையாப்பா?"ன்னு கேப்பார். பக்கத்துல இருக்கிறவர் சும்மா இருப்பாரா, "இப்ப எல்லா லேப்டாப்லயும் எட்டு கோர் இருக்கே, பேரலல் பண்ணலாமே"ம்பார். தனித்தனியா பார்த்தா ரெண்டுமே நியாயமான கேள்வி. ரெண்டையும் மூணு வாரத்துல ஒரே புரோகிராமுக்குள்ள திணிக்கப் போகும்போதுதான் வில்லங்கம்.

பசங்க என்ன பண்றாங்க? ஒரு ஜன்னல், அதுல 'ரன்'னு ஒரு பட்டன். பட்டனை அமுக்கினா அந்த இடத்துலயே ஃபோர்ட்ரான் சப்ரூட்டீனைக் கூப்பிடுறாங்க. சப்ரூட்டீன் உள்ள இருக்கிற டூ லூப்புக்கு மேல ஓப்பன்எம்பி வரி ஒண்ணு. லூப்போட நடுவுலயே படம் வரையற கோடு. முடிஞ்சுது, டெமோ ரெடி, கைத்தட்டல்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கணக்குப் போடுற ஃபோர்ட்ரானுக்கு ஜன்னல்னு ஒண்ணு இருக்குன்னே தெரியக் கூடாது. ஜன்னலுக்கு உள்ள எத்தனை த்ரெட் ஓடுதுன்னு தெரியக் கூடாது. நடுவுல ஒரு சின்ன வாசல் போதும். இதைச் சொன்னா "நீ ரொம்பத்தான் பேசுற, டெமோவுக்கு இது போதாதா"ங்கறாங்க. போதாது. மெதுவா ஓடுதுங்கறது மட்டும் என் பிரச்சினையா இருந்தா நானும் விட்டிருப்பேன். தப்பான விடையை அழகான படமா காட்டுதுங்கறதுதான் பிரச்சினை.

முதல்ல ஜன்னல் எப்படி உயிரோட இருக்குன்னு பாருங்க. மவுஸ் நகர்ந்தது, கீ அமுக்கினது, மேல இருந்த இன்னொரு ஜன்னல் விலகினது, எல்லாமே ஒரு வரிசையில செய்தியா வந்து நிக்கும். ஜன்னலை உருவாக்கின த்ரெட்தான் அந்தச் செய்திகளை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்க்கணும். நீங்க அதே த்ரெட்டை நாலு நிமிஷக் கணக்குக்கு அனுப்பிட்டா வரிசையைப் பார்க்க ஆள் இல்ல. விண்டோஸ் 5 நொடி பொறுத்துப் பார்க்கும், அப்புறம் 'நாட் ரெஸ்பாண்டிங்'னு தலைப்புல எழுதி ஜன்னலை வெளுத்துடும். உள்ள உங்க எட்டு கோரும் உயிரைக் கொடுத்து உழைச்சிட்டிருக்கும். வெளியில இருந்து பார்க்கிறவருக்கு அது செத்த புரோகிராம். டாஸ்க் மேனேஜர்ல போய் கொன்னுடுவார். நாலு நிமிஷத்துல மூணே முக்கால் நிமிஷம் ஓடினது போச்சு.

இதுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க நம்ம ஆளுங்க. கணக்குக்கு நடுநடுவே "செய்தி ஏதாவது இருந்தா பார்த்துட்டு வா"ன்னு ஒரு வரி. ஜன்னல் வெளுக்காது, சந்தோஷம். ஆனா அந்தச் செய்திகள்ல ஒண்ணு 'ரன்' பட்டனோட ரெண்டாவது அமுக்கலா இருந்தா? பொறுமை இல்லாதவன் ரெண்டு தடவை அமுக்கத்தானே செய்வான். ஓடிக்கிட்டிருக்கிற சப்ரூட்டீனுக்கு உள்ளயே அதே சப்ரூட்டீன் திரும்ப ஆரம்பிக்கும். சீனியர் கொடுத்த கோட்ல எல்லா அரேயும் காமன் பிளாக்ல இருக்கும்கிறதை ஞாபகம் வெச்சுக்கங்க. ரெண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தோட வெப்பநிலை அரேயைத் துடைச்சிட்டு முதல்ல இருந்து எழுதும். அது முடிஞ்சதும் முதல் ஓட்டம், தன் காலுக்குக் கீழ தரை மாறினது தெரியாம, விட்ட இடத்துல இருந்து தொடரும். கிராஷ் ஆகாது. படம் வரும். அதான் கொடுமை.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒரு தகட்டை 2000க்கு 2000 புள்ளியா பிரிச்சு வெப்பம் கணக்குப் போடறோம்னு வைங்க. மொத்தம் 40 லட்சம் புள்ளி, டபுள் ப்ரெசிஷன்ல 32 மெகாபைட். ஒரு சுற்றுக்கு ஒரே கோர்ல 20 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பேச்சுக்கு எடுத்துக்கலாம். ஒவ்வொரு சுத்துக்கும் படத்தைப் புதுப்பிக்கிறீங்க, அதுக்கு 16 மில்லிசெகண்ட். மொத்தம் 36. இப்ப கணக்கை எட்டு கோருக்கும் சரிசமமா பிரிச்சுக் கொடுத்துட்டீங்க, ஒரு பிசிறு இல்லாம எட்டு மடங்கு வேகம் கிடைச்சுதுன்னே வைப்போம். 20 இரண்டரை ஆச்சு. படம் வரையற 16 அப்படியேதான் இருக்கு, ஏன்னா அது ஒரே த்ரெட்டோட வேலை. மொத்தம் 18.5. எட்டு கோர் போட்டு கிடைச்ச லாபம் ரெண்டு மடங்கு கூட இல்ல. இதை ஆம்டால் 1967லயே சொல்லிட்டார், நாமளும் செமஸ்டர் பரீட்சையில எழுதி மார்க் வாங்கிட்டோம். அப்புறம் 'ஓப்பன்எம்பி வேஸ்ட் மச்சி, வேகமே வரல'ன்னு ஹாஸ்டல்ல உட்கார்ந்து பேசறோம்.

இதுல இன்னொரு வேடிக்கை. 60 ஹெர்ட்ஸ் திரை எப்ப புதுப்பிக்குமோ அதுவரைக்கும் காத்திருந்து வரையற மாதிரி கிராஃபிக்ஸ் செட் ஆகியிருந்தா, நீங்க எத்தனை கோர் வாங்கினாலும் நொடிக்கு 60 சுத்துக்கு மேல ஓடாது. மானிட்டரோட வேகம்தான் உங்க இயற்பியலோட வேகம். நொடிக்குப் பத்து தடவை படம் மாறினாலே மனுஷக் கண்ணுக்கு ஓடுற மாதிரி தெரியும். அதுவும் 40 லட்சம் புள்ளியும் தேவையில்ல, உங்க திரையில 1920க்கு 1080தான் இருக்கு. ரெண்டு பக்கமும் நாலு புள்ளிக்கு ஒண்ணுன்னு எடுத்து சிங்கிள் ப்ரெசிஷன்ல தந்தா 500க்கு 500, வெறும் 1 மெகாபைட். அதை ஒரு தனி அரேல நகல் எடுத்து வெச்சுட்டு ஃபோர்ட்ரான் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். ஜன்னல் எப்ப தோணுதோ அப்ப வந்து எடுத்துக்கட்டும். எழுதறதும் படிக்கிறதும் மோதாம இருக்க ரெண்டு நகல் வெச்சு மாத்தி மாத்திப் பயன்படுத்தினா தீர்ந்தது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். நான் பார்த்த ஒரு டெமோ, எந்த டீம்னு சொல்ல மாட்டேன். வண்ண வண்ணமா கான்டூர் படம், ஸ்லைடர் நகர்த்தினா நிறம் மாறுது, புரோகிரஸ் பார் ஓடுது. அதே உள்ளீட்டை மூணு தடவை ஓட்டச் சொன்னேன். எத்தனை சுத்துல முடிஞ்சதுன்னு கீழ காட்டுற நம்பர் மூணு தடவையும் வேற வேற. "அது பேரலல் இல்லையா, அப்படித்தான் இருக்கும்"னு பதில் வந்தது. எனக்கு 'ஙே'ன்னு ஆயிடுச்சு.

அப்படி இருக்கக் கூடாது. அவங்க கோட்ல இருந்த விஷயம் ரொம்ப சின்னது. ஒவ்வொரு சுத்துலயும் எந்தப் புள்ளி அதிகமா மாறிச்சோ அந்த மாற்றத்தை ஒரு மாறியில வெச்சுக்குவோம் இல்லையா, அது ஒரு அளவுக்குக் கீழ போனா 'விடை வந்துடுச்சு'ன்னு நிறுத்துவோம். அந்த மாறியை எட்டு த்ரெட்டும் பொதுவுல வெச்சு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. முதல் த்ரெட் படிக்குது, உள்ள 0.001 இருக்கு, தன் கையில 0.5 இருக்கு, எழுதணும்னு முடிவு பண்ணுது. அதே நேரத்துல ரெண்டாவது த்ரெட்டும் 0.001ஐப் படிச்சிட்டு, தன் கையில இருக்கிற 0.002ஐ எழுத முடிவு பண்ணுது. முதலாமவன் 0.5ஐ எழுதறான், ரெண்டாமவன் அதுக்கு மேல 0.002ஐ எழுதறான். 0.5 காணாமப் போச்சு. கம்பைலர் அந்த மாறியை ரிஜிஸ்டர்ல வெச்சு லூப் முடிவுல மட்டும் எழுதினா இன்னும் மோசம், கடைசியா எழுதினவன் சொன்னதே சட்டம். புரோகிராம் என்ன நினைக்கும்? மாற்றம் குறைஞ்சிடுச்சு, விடை வந்தாச்சு, நிறுத்து. இன்னும் ஆயிரக்கணக்கான சுத்து பாக்கி இருக்கும்போதே நின்னுடும்.

இதை ஏன் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது தெரியுமா? வெப்பப் பரவல் சமன்பாட்டோட குணமே எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கறது. பாதியில நிறுத்தினாலும் படம் வழவழன்னுதான் இருக்கும். சூடான ஓரம் சிவப்பு, குளிர்ந்த ஓரம் நீலம், நடுவுல மஞ்சளும் பச்சையும். பார்க்கிறவங்க 'ஆஹா'ம்பாங்க. நடுப்புள்ளியோட வெப்பநிலை 20 டிகிரி தப்பா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பழைய கறுப்புத் திரையில நம்பரா இருந்தப்பவாவது யாராவது ஒரு நம்பரை கால்குலேட்டர்ல போட்டுப் பார்ப்பாங்க. ஜன்னல் வந்த பிறகு அந்தச் சந்தேகம் பிடிச்ச ஆளும் ரிட்டையர் ஆயிட்டார்.

இத்தனைக்கும் தீர்வு ஒரே ஒரு வார்த்தை. அந்த ஓப்பன்எம்பி வரியிலயே 'ரிடக்ஷன்'னு போட்டு, 'மேக்ஸ்'னு சொல்லி, மாறியோட பேரைக் கொடுத்தா போதும். ஒவ்வொரு த்ரெட்டும் தனக்குன்னு ஒரு நகல் வெச்சுக்கும், கடைசியில பெருசை எடுத்துக்கும். ஃபோர்ட்ரானைப் பழைய மொழின்னு கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ஓப்பன்எம்பியோட முதல் பதிப்பு 1997 அக்டோபர்ல ஃபோர்ட்ரானுக்குத்தான் வந்துச்சு, சி மக்களுக்கு அடுத்த வருஷம். இந்த மேக்ஸ் ரிடக்ஷன் ஃபோர்ட்ரானுக்கு அப்பவே உண்டு. சி மொழிக்கு அது கிடைச்சது 2011ல வந்த 3.1 பதிப்புலதான்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், இல்லாட்டி யாராவது சண்டைக்கு வருவீங்க. பேரலலா கூட்டல் போட்டா கடைசி சில இலக்கங்கள் மாறும், அது தப்பு இல்ல. கூட்டுற வரிசை மாறினா ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல அப்படித்தான் ஆகும். பதினஞ்சாவது இலக்கம் மாறறதும் சுத்தோட எண்ணிக்கை ஆயிரக்கணக்குல மாறறதும் ஒண்ணு இல்ல.

அடுத்த கண்ணிவெடி, த்ரெட் போட்டுக் கூப்பிட்டா பழைய கோடு ஏன் திடீர்னு சாகுதுங்கறது. "ஜன்னல் வெளுக்குதுன்னு சொன்னே, தனி த்ரெட்ல ஓட்டினேன், இப்ப கிராஷ் ஆகுது"ன்னு புலம்பறவங்க ஜாஸ்தி. ஜிஃபோர்ட்ரான்ல ஓப்பன்எம்பி ஸ்விட்ச் போட்டு கம்பைல் பண்ணினா, சப்ரூட்டீனுக்கு உள்ள அறிவிச்ச அரே எல்லாம் ஸ்டாக்குக்குப் போயிடும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நகல் வேணும் இல்லையா, அதுக்காக. 500க்கு 500 டபுள் ப்ரெசிஷன் அரே ஒண்ணு 2 மெகாபைட். விண்டோஸ்ல ஒரு த்ரெட்டுக்கு வழக்கமா கிடைக்கிற ஸ்டாக் 1 மெகாபைட். மேக்ல மெயின் இல்லாத த்ரெட்டுக்கு 512 கிலோபைட். குடம் கொள்ளாத தண்ணியை டம்ளர்ல ஊத்தினா என்ன ஆகும்? ஃபோர்ட்ரான் மேல பழி போட்டுட்டு போயிடறாங்க. பெரிய அரேக்களை அலொகேட் பண்ணுங்க, இல்ல த்ரெட் உருவாக்கும்போதே ஸ்டாக் அளவைக் கூட்டிக் கேளுங்க. ஓப்பன்எம்பி தானா உருவாக்கிற த்ரெட்டுகளுக்கு தனி என்விரான்மென்ட் மாறி இருக்கு, ஜன்னல் உருவாக்கின த்ரெட்டுக்கு அது பொருந்தாது. இந்த வித்தியாசத்துலயே பாதிப் பேர் ரெண்டு நாளை விட்டுடறாங்க.

அப்புறம் அறிவிக்கிற வரியிலயே ஒரு மாறிக்கு சைபர்னு மதிப்பு கொடுக்கிற பழக்கம். சி தெரிஞ்சவங்க எல்லாரும் இதைச் செய்வாங்க. ஃபோர்ட்ரான்ல அப்படிக் கொடுத்தா அந்த மாறி 'சேவ்' ஆயிடும். அதாவது ஒரே ஒரு தடவைதான் சைபர் ஆகும், அடுத்த தடவை கூப்பிடும்போது பழைய மதிப்போடயே இருக்கும், எல்லா த்ரெட்டுக்கும் பொதுவா வேற இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புரோகிராம் புதுசா தொடங்கறதால இது வெளியில தெரியவே தெரியாது. ஜன்னல்ல ரெண்டாவது தடவை 'ரன்' அமுக்கும்போது தெரியும். முதல் ஓட்டம் சரி, ரெண்டாவது தப்பு. டெமோல யாரும் ரெண்டாவது தடவை அமுக்கறதில்ல, ஹி ஹி.

'ஸ்டாப்' பத்திச் சொல்லாம விட்டா பாவம். பழைய கோட்ல எங்க பிழை வந்தாலும் ஒரு செய்தி எழுதிட்டு 'ஸ்டாப்'னு இருக்கும். தனியா ஓடுற புரோகிராமுக்கு அது ரொம்ப ஒழுக்கமான நடத்தை. அதையே ஜன்னலுக்குள்ள வெச்சா ஸ்டாப் மொத்த ப்ராசஸையும் நிறுத்திடும். உள்ளீட்டுல ஒரு கட்டத்தைக் காலியா விட்டீங்க, ஜன்னல் பொசுக்குன்னு மறைஞ்சிடும், ஏன்னு சொல்ல ஒரு வரி கூட வராது, ஏன்னா அந்தச் செய்தி போக வேண்டிய கறுப்புத் திரையே இல்ல.

"அப்ப எல்லாத்தையும் பைத்தான்ல, சி ஷார்ப்ல திருப்பி எழுதிடலாமே"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். தாராளமா எழுதுங்க. முப்பது வருஷமா பத்துப் பதினஞ்சு பேர் சரிபார்த்து, அளவீடுகளோட ஒப்பிட்டு, ஓரத்துல இருந்த பிழைகளையெல்லாம் திருத்தி வெச்ச கோடு அது. ஜன்னல் ஒட்டறதுக்காக அதைத் தூக்கிப் போட்டுட்டு மூணு வாரத்துல புதுசா எழுதினதை நான் நம்பணுமா? போகட்டும், நீங்க பைத்தான்ல மேட்ரிக்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும்போது அடியில வேலை செய்யறது யாரு? லேபேக் இடைமுகம்தான். அது ஃபோர்ட்ரான்ல பிறந்தது.

எதிர் கோஷ்டியையும் விட மாட்டேன். "கமாண்ட் ப்ராம்ப்ட் தெரியாதவனுக்கு எதுக்கு சிமுலேஷன்"னு மீசையை முறுக்கற பெரியண்ணன்கள். அண்ணே, உங்க புரோகிராமை நீங்க பாஸ் அவுட் ஆன அடுத்த மாசமே யாரும் ஓட்ட முடியாமப் போச்சு, அது தெரியுமா? உள்ளீட்டு ஃபைல்ல ஏழாவது வரியில மூணாவது நம்பர் என்னன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கிணத்து மட்டம் இறங்கறதைப் பார்க்க வேண்டிய பொறியாளர் ஏழாவது வரியைப் பத்தி ஏன் படிக்கணும்? ஜன்னல் வேணும். கண்டிப்பா வேணும். எங்க வைக்கிறதுங்கறதுதான் கேள்வி.

கிணறுன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையோட மோட்ஃப்ளோ பத்தி நம்ம சிவில் மக்களுக்குத் தெரியும். 1984ல முதல் பதிப்பு, நிலத்தடி நீர் கணக்கு, முழுக்க ஃபோர்ட்ரான். அதே துறை மாடல்மியூஸ்னு ஒரு ஜியூஐ இலவசமா கொடுக்குது. அது எந்த மொழியில எழுதினதுன்னு நினைக்கிறீங்க? ஆப்ஜெக்ட் பாஸ்கல்! ஃபோர்ட்ரானுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. மாடல்மியூஸ் வரைபடத்துல நீங்க கிணறு, ஆறு எல்லாம் வைக்க வைக்க உள்ளீட்டு ஃபைல்களை எழுதும், மோட்ஃப்ளோவைத் தனி புரோகிராமா ஓட்டும், அது எழுதி வெச்ச விடையைப் படிச்சுப் படமா காட்டும். அவ்வளவுதான். 2017ல வந்த மோட்ஃப்ளோ 6ஐப் பின்னாடி லைப்ரரியாவும் கூப்பிட முடியற மாதிரி பண்ணினாங்க. தொடங்கு, ஒரு அடி முன்னே போ, முடி, இந்த மாதிரி சில வாசல்கள். பைத்தான்ல இருந்து கூட அந்த வாசல் வழியா உள்ள போகலாம். எம்பிஐ வழியா பேரலலும் வந்தாச்சு, அந்த வேலை முழுக்க இன்ஜின் பக்கம் நடந்தது.

இது புதுசும் இல்ல. 1960களோட கடைசியில நாசாவுக்காக எழுதின நாஸ்ட்ரான் ஃபோர்ட்ரான்தான். மாதிரியை வரையறதுக்கும் விடையைப் பார்க்கறதுக்கும் பேட்ரான் தனி மென்பொருள். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோன்னு இயற்பியல்காரங்க பயன்படுத்தறது ஃபோர்ட்ரானும் எம்பிஐயும், அதுக்கு உள்ளீடு தயாரிக்கிற ஜன்னல் டிசிஎல்/டிகே. இவ்வளவு ஏன், மேட்லாப் எப்படிப் பிறந்தது? லின்பேக், ஐஸ்பேக்னு ரெண்டு ஃபோர்ட்ரான் லைப்ரரி. மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அதைப் பயன்படுத்தட்டும்னு கிளீவ் மோலர் 1970களோட பின்பாதியில எழுதின முகப்பு அது. கணக்கு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். இதைக் கோடு பிரிச்சு வெச்சதாலதான் அந்தக் கணக்கு இன்னும் உயிரோட இருக்கு.

நம்ம அளவுக்கு என்ன பண்ணலாம்? எனக்குப் பிடிச்சது ரொம்ப எளிசானது: ரெண்டு ப்ராசஸ். ஃபோர்ட்ரான் ஒரு நேம்லிஸ்ட் ஃபைலைப் படிக்கட்டும், ஓடட்டும், நூறு சுத்துக்கு ஒரு தடவை எங்க இருக்கேன்னு ஒரு வரி வெளியில எழுதட்டும். ஜன்னல் அந்த நேம்லிஸ்ட்டை எழுதும், புரோகிராமைத் தொடங்கும், அந்த வரிகளைப் படிச்சு புரோகிரஸ் பாரை நகர்த்தும். ஃபோர்ட்ரான் 'ஸ்டாப்' ஆனா ஜன்னல் சாகாது. ஸ்டாக் தகராறு இல்ல, சேவ் தகராறு இல்ல. ராத்திரி லேப்ல இருக்கிற பெரிய மெஷின்ல ஜன்னலே இல்லாம அதே புரோகிராமை ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை, எழுதின வரியை உடனே ஃப்ளஷ் பண்ணலைன்னா பஃபர்லயே உட்கார்ந்துக்கும், புரோகிரஸ் பார் கடைசியில மொத்தமா தாவும்.

கூடவே இருந்து ஊடாடணும், ஸ்லைடர் நகர்த்தினா உடனே மாறணும்னா லைப்ரரி வழி. ஃபோர்ட்ரான் 2003லயே 'பைண்ட் சி' வந்துடுச்சு. அடிக்கோடு முன்ன போடணுமா பின்ன போடணுமான்னு கம்பைலருக்குக் கம்பைலர் மல்லுக்கட்டின காலம் போச்சு. மோட்ஃப்ளோ மாதிரியே மூணு வாசல் வையுங்க. ஜன்னல் ஒரே ஒரு உழைக்கும் த்ரெட்டை உருவாக்கி, அதுக்குள்ள இருந்து கூப்பிடட்டும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது த்ரெட் உருவாக்காதீங்க, ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு ஓப்பன்எம்பி படையைத் திரட்டும். எட்டு கோர் இருந்தா ஏழு த்ரெட் கேளுங்க. எட்டையும் பிடிச்சுக்கிட்டா ஜன்னல் ஏதாவது ஒரு கோரைக் கடன் வாங்கும், அந்த ஒரு த்ரெட் தாமதமாகும், லூப் முடிவுல மத்த ஏழும் அதுக்காக நின்னுக்கிட்டிருக்கும்.

பைத்தான் ஜன்னல் வைக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. எஃப்2பை மூலமா ஃபோர்ட்ரானைக் கூப்பிட்டா, நீங்க கியூட்டில தனி த்ரெட் போட்டிருந்தாலும் ஜன்னல் உறைஞ்சு போகும். காரணம், எஃப்2பை தானா பைத்தானோட பூட்டை விடாது. சப்ரூட்டீன் உள்ள 'த்ரெட்சேஃப்'னு எஃப்2பைக்கான ஒரு வரி சேர்த்தாதான் விடும். அப்படிப் போடறதுக்கு முன்னாடி அந்த சப்ரூட்டீன் நிஜமாவே அப்படித்தானான்னு பார்த்துக்கங்க, காமன் பிளாக்கை மேல சொல்லியிருக்கேன்.

'கேன்சல்' பட்டன்தான் எல்லாரும் கடைசி நாள்ல சேர்க்கிறது. த்ரெட்டைக் கழுத்தை நெரிச்சுக் கொல்ற ஃபங்ஷனைத் தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுடறாங்க. விண்டோஸ் கொடுத்தவங்களே அது ஆபத்துன்னு எழுதி வெச்சிருக்காங்க. செத்த த்ரெட் கையில பூட்டு இருந்தா அது யாருக்கும் கிடைக்காது, அடுத்த 'ரன்' தொங்கிடும். ஓப்பன்எம்பி லூப்புக்கு நடுவுல இருந்து 'எக்ஸிட்' போட்டும் வெளிய வர முடியாது, கம்பைலரே அனுமதிக்காது. ஒரு கொடி மாறி வையுங்க, ஜன்னல் அதை 1 ஆக்கட்டும், ஃபோர்ட்ரான் ஒவ்வொரு சுத்து முடிவுலயும், பேரலல் பகுதிக்கு வெளியில, அட்டாமிக்கா ஒரு தடவை பார்க்கட்டும். ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட்னா அதிகபட்சம் அவ்வளவு நேரத்துல நின்னுடும். இதைப் பின்னாடி ஒட்ட முடியாது, கணக்கு எழுதும்போதே யோசிக்கணும்.

ரிவ்யூல உட்கார்ற பெரியவங்க யாராவது தப்பித் தவறி இதைப் படிச்சா ஒரு விண்ணப்பம். ஜியூஐக்கு மார்க் கொடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு த்ரெட்ல ஓட்டச் சொல்லி விடையை எழுதி வெச்சுக்கிட்டு, எட்டு த்ரெட்ல ரெண்டு தடவை ஓட்டச் சொல்லுங்க, ஜன்னலை மூடாமலே. அஞ்சு நிமிஷ வேலை. மூணும் ஒத்துப் போகலைன்னா கலர் படத்தைப் பார்க்க வேண்டியதே இல்ல.

பி.கு: ஜிடிகே-ஃபோர்ட்ரான், டிஸ்லின், வின்டராக்டர், இன்டெல் கம்பைலரோட வர்ற குவிக்வின் இதெல்லாம் இருக்கேன்னு கேக்கறவங்களுக்கு. இருக்கு, நல்லாவும் இருக்கு, சின்னதா ஒரு கிராஃப் போட நானே டிஸ்லின் பயன்படுத்துவேன். ஃபோர்ட்ரான்ல ஜன்னல் எழுதறது குத்தம் இல்ல. அந்த ஜன்னல் கோடும் கணக்குக் கோடும் ஒரே சப்ரூட்டீன்ல இருக்கறதுதான் குத்தம். எம்பிஐ, கோஅரே பக்கம் போறவங்க இன்னும் உஷார்: அங்க நாலு பிரதி கேட்டா அதே புரோகிராம் நாலு தடவை தொடங்கும், ஜன்னல் உள்ளயே இருந்தா நாலு ஜன்னல் திறக்கும். ஒண்ணுல 'ரன்' அமுக்குவீங்க, அது மத்த மூணுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும், மத்த மூணும் நீங்க அமுக்கறதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்.